காதுக்குள்ள போன எறும்பு மூளைக்கு ஏறாதுங்க

போன மாசம் நைட் ரெண்டு மணி இருக்கும், ஒரு பத்து வயசுப் பையனை அவங்கப்பா தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாரு. காதுக்குள்ள எறும்பு. அவன் போட்ட கூச்சல்ல வார்டே எந்திரிச்சிருச்சு. வலியில கத்துறான்னு பாத்தா, நடுவுல என் கையைப் புடிச்சுக்கிட்டு "மூளைக்குப் போயிடுமா டாக்டர்"ங்கிறான். யார்றா சொன்னதுன்னா, "மம்மி படத்துல வண்டு போச்சுல்ல".

1999ல வந்த படம், இன்னும் பிள்ளைங்களை பயமுறுத்திட்டு இருக்கு. கறுப்பு வண்டு தோலுக்கு அடியில புகுந்து குடுகுடுன்னு ஓடி தலைக்கு ஏறி ஆளையே முடிச்சிடும். நெஜத்துல அது நம்ம ஊர் சாணி உருட்டுற வண்டோட ஜாதிதான், பழைய எகிப்துல கும்பிட்ட பூச்சி, பாவம் வில்லனாக்கிட்டாங்க. 2008 இந்தியானா ஜோன்ஸ் படத்துலயும் இப்படித்தான், எறும்புங்க ஒரு ஆளையே புத்துக்குள்ள இழுத்துட்டுப் போகும், அதுக்கு சொல்ற சியாஃபுங்கிற பேரு ஆப்பிரிக்க எறும்போடது, கதை நடக்குறதோ அமேசான் காட்டுல!

சரி, காதுக்கு வருவோம். பெரியவங்களுக்கு காதுத் துவாரம் ஏறக்குறைய 2.5 செ.மீ. தான். அந்தக் கடைசியில செவிப்பறை கதவு மாதிரி அடைச்சுக்கிட்டு இருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் எலும்பு. எறும்பு முட்டுச்சந்துல மாட்டின ஆட்டோ மாதிரி வெளிய வர வழி தெரியாம, முன்னாடி போகவும் முடியாம அங்கயே கிடந்து பிராண்டும், கடிக்கும். உள்பக்கத் தோல் ரொம்ப மெல்லிசு, அதான் அந்த வலி. செவிப்பறை மேலயே அது நடக்குறதால தலைக்குள்ள லாரி ஓடுற மாதிரி சத்தம் கேக்கும், மூளைக்குப் போயிடுச்சுன்னு தோணுறதும் இதனாலதான்.

பூச்சி உயிரோட இருந்தா, தலையைச் சாய்ச்சு தேங்காய் எண்ணெயோ பேபி ஆயிலோ நாலஞ்சு சொட்டு விடுங்க, சூடு பண்ணி விட வேணாம். அது செத்துடும், துடிப்பு நின்னுடும், அப்புறம் காலையில நிதானமா டாக்டர்கிட்ட வரலாம். ஆனா காதுல சீழ் வடியுறவங்க, செவிப்பறையில ஓட்டை இருக்கிறவங்க எதையும் ஊத்தக் கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான். குழந்தை உள்ள போட்டது பூச்சியா பட்டன் பேட்டரியான்னு தெரியலைன்னாலும் அப்படித்தான், பேட்டரி மேல ஈரம் பட்டா சில மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிடும்.

இதெல்லாம் சொல்லி என்ன, நம்மாளுங்க முதல்ல எடுக்குறது ஹேர்பின்தான். அந்தப் பையனுக்கும் வீட்ல பட்ஸ் விட்டுக் குடைஞ்சு, உப்புத்தண்ணி ஊத்தி, டார்ச் அடிச்சு எல்லாம் முடிச்சுட்டுதான் கூட்டிட்டு வந்தாங்க. எறும்பு பண்ணின காயத்தை விட பட்ஸ் பண்ணின காயம்தான் ஜாஸ்தி. மைக்ரோஸ்கோப்ல பாத்தா உடம்பு பிஞ்சு தனியா கிடக்கு, தலை மட்டும் தோலைக் கவ்விக்கிட்டு இருக்கு. செத்தாலும் எறும்பு புடிச்ச புடியை விடாதுங்க. மரத்துப்போற மருந்து விட்டு, சின்ன ஃபோர்செப்ஸால அந்தத் தலையை எடுக்க பத்து நிமிஷம் ஆச்சு.

எறும்புக்கு இவ்ளோ பயப்படுறவங்க ஈயைக் கண்டுக்கிறதே இல்ல. 2012ல வந்த "நான் ஈ"ல ஈ ராத்திரியெல்லாம் ரீங்காரம் போட்டு சுதீப்பைத் தூங்க விடாது, நானும் கைதட்டித்தான் பாத்தேன். நெஜ ஈக்கு பழிவாங்கத் தெரியாது, முட்டை போடத் தெரியும். வருஷக்கணக்கா சீழ் வடியுற காதை கவனிக்காம விட்டா அந்த நாத்தத்துக்கு ஈ வந்து உக்காந்து முட்டை வெச்சிடும், அது புழுவாகி சதையைத் தின்னும். போன வருஷம் ஒரு பாட்டி, "காது லேசா அரிக்குதுப்பா, சொட்டு மருந்து எழுதிக் குடு"ன்னு சாதாரணமா வந்து உக்காந்தாங்க. பஞ்சை எடுத்துப் பாத்தா உள்ள நெளியுது. மூணு நாள் அட்மிட் பண்ணி, ஒவ்வொண்ணா பதினேழு புழு எடுத்தோம். கூட வந்த மகன் ஒண்ணுமே பேசல, வெளிய போய் நின்னுக்கிட்டாரு. பாட்டிதான் என்கிட்ட, "சின்ன வயசுலேர்ந்தே வடியுதுப்பா, அது பாட்டுக்கு வடியட்டும்னு விட்டுட்டேன்"னாங்க.