ஓட்டநேர நூலக ஒவ்வாமை: தும்மலா, பிழையா?

போன வாரம் கிருஷ்ணகிரியில் எங்கள் பயிற்சி மையத்துக்கு ஒரு பாடக்குறிப்பு வந்தது. தலைப்பு, 'ஓட்டநேர நூலக ஒவ்வாமை'. ஒரு மாணவி கேட்டாள்: "சார், பழைய புத்தகத் தூசியில தும்மல் வருமே, அதுவா?"

சொல்ல வந்தது ரன்டைம் லைப்ரரிகள் பொருந்தாமல் போவதை. நிரல் ஓடும்போது நினைவகம் வாங்கித் தர, கோப்பு திறக்க, திரையில் எழுத என்று கூடவே நின்று கைகொடுக்கும் நிரல் தொகுப்புதான் அது. லைப்ரரியின் வேர் லத்தீன் 'லிபர்': மரத்தின் உட்பட்டை, பிறகு புத்தகம். நம் நூலும் பஞ்சிலிருந்து ஏட்டுக்கு வந்ததுதான். வேர் இவ்வளவு போதும்.

'ஓட்டநேரம்' என்றால் இரண்டே முக்கால் மணி நேரப் படம் ஞாபகம் வருகிறது. 'ஒவ்வாமை' டாக்டர் வீட்டுச் சொல். இவற்றைக்கூட விட்டுவிடலாம். 'நூலகம்'தான் ஆளைக் கவிழ்க்கிறது.

அதற்கு வக்காலத்து வாங்குபவர் என் தருமபுரி நண்பர், தமிழாசிரியர். "ஆங்கிலக்காரனும் புத்தகசாலையைத்தானே எடுத்தான்?" என்பார். உண்மைதான். 1949இல் ஓடத் தொடங்கிய கேம்பிரிட்ஜ் எட்சாக் கணினிக்குத் துணைநிரல்களைத் துளைநாடாவில் பதித்து இரும்பு அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். அதை நூலகம் என்றால் தலையாட்டுவேன். இன்று அலமாரி எங்கே இருக்கிறது?

அடுத்த வாதம் கெட்டிக்காரத்தனமானது. "இரவல் வாங்கின நூலகத்திலயே புத்தகத்தைத் திருப்பணும். உங்க பிழையும் வாங்கின இடத்துல திருப்பாததுதானே?" இல்லை ஐயா. இங்கே கைமாறுவது நினைவகம். லைப்ரரி அதைக் கொடுத்துக் கணக்கு வைக்கும் ஆள். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பதைப் பாருங்கள். அண்டாவில் கடைப் பெயர் வெட்டியிருக்கும். அதைக் கொண்டுபோய் அடுத்த கடையில் இறக்கினால், அவர் நோட்டில் அந்த அண்டாவே இருக்காது.

மைக்ரோசாஃப்டின் நிரல் கட்டும் கருவியான விஷுவல் சி++இல் ஒரு டிஎல்எல்லை (முதன்மை நிரல் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் துணைக் கோப்பை) ஒரு பதிப்பு லைப்ரரியோடும் முதன்மை நிரலை வேறு பதிப்போடும் கட்டினால் இதுதான் நடக்கலாம். ஒவ்வொன்றும் தனி ஹீப் (நினைவகக் கிடங்கு) வைத்திருக்கலாம். அப்படி இருந்து, இதில் மாலாக் செய்ததை (கேட்டு வாங்கிய நினைவகத்தை) அதில் ஃப்ரீ செய்தால் (திருப்பிக் கொடுத்தால்) நிரல் அங்கேயே விழும். அல்லது பத்து நிமிடம் கழித்துச் சம்பந்தமே இல்லாத வரியில் விழும், கொடுமை அதுதான். இங்கே திறந்த கோப்பின் சுட்டியை (அது நினைவகத்தில் இருக்கும் இடத்தின் முகவரியை) அங்கே கொடுத்தாலும் இதே கதை. எல்லாப் பாகத்தையும் ஒரே பதிப்பு டிஎல்எல் லைப்ரரியோடு கட்டுவது, அல்லது வாங்கிய இடத்திலேயே திருப்புவது, இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் மூன்று சொல்லைத் தனித்தனியாகத் தேடி ஒட்டிவிடுகிறார்கள். ஒருமுறையாவது நிரல் கட்டி அது விழுவதைப் பார்த்தவர் 'ஒவ்வாமை' என்று எழுதமாட்டார்.

நான் சொல்வது 'இயக்க நிரலகம்'. நிரல் என்றால் வரிசை. நிரல்நிறை அணி படித்தவர்களுக்குப் பழகிய சொல். 'இயக்கம்' கொஞ்சம் கட்சி வாடை அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'நேரம்' தொலைந்ததே, அதுவே லாபம். பலகையில் 'பொருந்தாத இயக்க நிரலகங்கள்' என்று திருத்தி எழுதினேன். மாணவி தும்மலைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. நண்பர்தான் போனில், "நிரலகம்னா ஏதோ தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்குதே" என்கிறார்.