அடித்த பந்து ஏன் காலடிக்கே திரும்பி வருகிறது?

கோல்ஃப் சிமுலேட்டர் என்பது, மைதானத்தைத் திரையில் படமாகக் காட்டி, நிஜப் பந்தை அந்தத் திரையை நோக்கி அடித்து ஆடும் ஏற்பாடு. அதை வீட்டுக்குள் அமைப்பவர்களின் முதல் கவலை பெரும்பாலும் படத்தைப் பற்றித்தான் இருக்கும். ப்ரொஜெக்டரின் வெளிச்சம் போதுமா, திரையில் சுருக்கம் விழுமா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பந்தை வெகுதூரம் அனுப்பும் 'டிரைவர்' மட்டையால் முதல் அடி அடித்ததும் கவலை இடம் மாறிவிடும். திரையில் 'டப்' என்று மோதிய பந்து, அடித்தவரின் முழங்காலைத் தேடிக்கொண்டு திரும்பி வரும்.

இது திரையின் தரக்குறைவு என்று நினைத்து இன்னும் தடிமனான, இன்னும் விலை கூடிய திரையை வாங்குபவர்கள் உண்டு. சில நேரம் அது உதவும். பல நேரம் கோளாறு துணியில் இருப்பதில்லை, அதைக் கட்டியிருக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். விதிப்படி கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நன்றாக ஆடும் ஒருவர் டிரைவரால் அடித்தால் பந்து வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். அப்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 83 ஜூல். ஒரு கிலோ எடையுள்ள கல்லை எட்டரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையைத் தொடும்போது அதனிடம் இருக்கும் ஆற்றலும் இதே அளவுதான். திரைக்கும் ஆடுபவருக்கும் இடையே உள்ள மூன்று மீட்டரில் காற்று இதைக் குறைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தத் தூரத்தில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம்கூடக் குறையாது.

இந்த 83 ஜூலில் 96 சதவீதத்தைத் திரை விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஆற்றலில் 4 சதவீதம் மிஞ்சினால் வேகத்தில் 20 சதவீதம் மிஞ்சும். அதாவது பந்து வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் திரும்பி வரும். மூன்று மீட்டரைக் கடக்க அதற்குக் கால் வினாடி போதும். அடித்து முடித்து நிமிர்வதற்குள் பந்து வந்து சேர்ந்திருக்கும். அதை வினாடிக்கு 5 மீட்டராகக் குறைக்க வேண்டுமானால், 83 ஜூலில் 99.3 சதவீதத்தைத் தொலைத்தாக வேண்டும். அந்தக் கடைசி மூன்று சதவீதத்தைத் தொலைப்பதுதான் இங்கே முழு வேலையும்.

பந்தை நிறுத்துவது வேறு, திருப்பி அனுப்பாமல் இருப்பது வேறு. இரண்டும் ஒன்று என்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம். வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்பார். நிற்கும் தூரம் கூடினால் விசை குறையும். நம் பந்து 3 சென்டிமீட்டரில் நின்றால் சராசரி விசை 2,750 நியூட்டன். 30 சென்டிமீட்டரில் நின்றால் 275 நியூட்டன்தான். துணி கிழியாமலும் ஃபிரேம் ஆடாமலும் இருக்க இது முக்கியம். ஆனால் டிராம்போலின்கூட குதிப்பவரை மெதுவாகத்தான் நிறுத்துகிறது. அப்புறம் வாங்கிய ஆற்றலில் பெரும்பங்கை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய திரை ஒரு டிராம்போலின். படுக்க வைக்காமல் நிற்க வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு படுக்கை விரிப்பை எடுத்து, இரண்டு பேர் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, மூன்றாமவர் பந்தை எறிந்து பாருங்கள். பந்து துள்ளித் திரும்பும். இப்போது பிடியை நன்றாகத் தளர்த்திவிட்டு, துணி தொங்கும் நிலையில் அதே வேகத்தில் எறியுங்கள். பந்து துணிக்குள் ஒரு பை போலப் புதைந்து, ஒரு கணம் நின்று, நேராகக் கீழே விழும். அதே விரிப்புதான். ஆனால் பந்தின் ஆற்றல் இந்த முறை எங்கே போனது?

பெரும்பகுதியைத் துணியே தன் அசைவுக்கு எடுத்துக்கொண்டது. பந்து மோதியதும் அந்த இடத்துத் துணி பின்னால் நகர்கிறது. அது பக்கத்துத் துணியை இழுக்கிறது. குளத்தில் கல் போட்டதுபோல அந்த அலை சுற்றிலும் பரவுகிறது. 46 கிராம் பந்து, தன்னோடு 230 கிராம் துணியை இழுத்துக்கொண்டு ஒன்றாக நகர்வதாகத் தோராயமாகக் கொள்வோம். மொத்த நிறை ஆறு மடங்கு ஆகிவிட்டது. உந்தம் மாறாது என்பதால் வேகம் ஆறில் ஒரு பங்காகி, வினாடிக்கு 10 மீட்டர் என்று இறங்கிவிடும். அந்த நிலையில் பந்திடம் மிஞ்சியிருப்பது, அது கொண்டுவந்த ஆற்றலில் 36-இல் ஒரு பங்கு. மற்றதெல்லாம் துணியின் அசைவாகவும், நூலோடு நூல் உரசும் வெப்பமாகவும், தள்ளப்பட்ட காற்றாகவும் போய்விட்டது. விறைப்பான திரை அந்த 10 மீட்டர் வேகத்தையும் பிடித்து வைத்து முன்பக்கமாக உதைத்துவிடும். தளர்ந்து தொங்கும் திரையில் அப்படி உதைக்கப் பெரிதாக எதுவும் இல்லை. துணி ஊசலாடி முன்னால் வருவதற்குள் பந்து தரையைத் தொட்டிருக்கும்.

ஆக, கனம் வேண்டும், தளர்வும் வேண்டும். அங்கேதான் ப்ரொஜெக்டர் குறுக்கே வருகிறது. தளர்ந்த துணியில் படம் நெளியும். படமும் அழகாக இருக்க வேண்டும், பந்தும் திரும்பக் கூடாது என்று கேட்டால், முழுசாக இரண்டுமே கிடைக்காது. என்னைக் கேட்டால் கொஞ்சம் நெளிவு இருந்தால் குடிமுழுகிவிடாது. மேல் விளிம்பைச் சீராகக் கட்டி, பக்கங்களை எலாஸ்டிக் கயிற்றால் துணி விரியும் அளவுக்கு மட்டும் இழுத்து, அடி விளிம்பைக் கிட்டத்தட்டச் சும்மா விட்டுவிடுவது நல்ல சமரசம். அடியில் துணி கொஞ்சம் கூடுதலாகத் தரையில் புரளட்டும். இல்லையென்றால் தாழ்வாகப் போகும் பந்து அடியில் நுழைந்து சுவரில் மோதி அதே வழியில் வெளியே வரும்.

திரைக்கும் சுவருக்கும் இடையே 30 முதல் 40 சென்டிமீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்று சொல்வதன் காரணமும் இதுதான். துணி பின்னால் போகும் வழியில், வேலை முடிவதற்குள் சுவரைத் தொட்டுவிட்டால் மீதி ஆற்றலைச் சுவர் கையில் எடுத்துக்கொள்ளும். கெட்டியான பரப்பில் மோதும் கோல்ஃப் பந்து தன் வேகத்தில் பாதிக்கு மேல் திருப்பித் தரும். இடம் குறைவாக இருப்பவர்கள் திரையைச் சுவரோடு ஒட்டி மாட்டிவிட்டு, நடுவே நுரைப்பஞ்சைத் திணிப்பதைப் பார்க்கலாம். நுரைப்பஞ்சு கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா நுரையும் ஒன்றல்ல. அழுத்திவிட்டு விரலை எடுத்தால் குழி மெதுவாக மேலே வரும் வகை ஆற்றலை வெப்பமாக்கும். சட்டென்று எழும்பும் வகை ஸ்பிரிங் வேலை செய்யும். எந்த வகையாக இருந்தாலும் முழுதும் நசுங்கிவிட்டால் அதன் பின்னால் இருப்பது சுவர்தான்.

எனக்குப் பிடித்த தீர்வு இதைவிட எளிமையானது. திரைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, கனமான போர்வை ஒன்றையோ அம்பு எய்பவர்கள் இலக்குக்குப் பின்னால் கட்டும் தடித்த வலையையோ தனியாகத் தொங்கவிடுவது. மடிப்பு மடிப்பாக, எங்கும் இழுத்துக் கட்டாமல். இது திரையைத் தொடாததால் படம் கெடாது. பந்தோடு பின்னால் போகும் திரை வழியில் இந்தப் போர்வையின் மேல் மோதும். அந்த நொடியில் இழுத்துச் செல்ல வேண்டிய நிறை இன்னொரு முறை கூடுகிறது, வேகம் இன்னொரு முறை இறங்குகிறது. மேலே சொன்ன கடைசி மூன்று சதவீதத்தில் பெரும்பங்கு இங்கேதான் தொலையும்.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு ஒரு புதிர் மிஞ்சும். டிரைவர் அடிகள் அடங்கிவிட்டன, ஆனால் பந்தை உயரமாகத் தூக்கும் 'வெட்ஜ்' மட்டையால் அடித்த, அதைவிட மெதுவாகப் போகும் பந்துகள் காலடி வரை உருண்டு வருகின்றன. இதற்குக் காரணம் இரண்டு. வெட்ஜ் பந்து உயரமாக ஏறி, திரையின் மேல்பகுதியில் மோதுகிறது. கட்டு இறுக்கமாக இருக்கும் இடம் அதுதான். மேலேயிருந்து விழ நேரமும் அதிகம் ஆகும் என்பதால் அதே வேகத்தில் கூடுதல் தூரம் வரும்.

இன்னொன்று சுழற்சி. வெட்ஜ் அடியில் பந்து நிமிடத்துக்கு 10,000 முறை வரைகூடப் பின்பக்கமாகச் சுழலும். அந்தச் சுழற்சியில் பந்தின் மேற்பரப்பு மட்டும் வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. திரையில் உரசும்போது அதில் ஒரு பங்கு கரையும். மிஞ்சியது என்ன செய்யும்? பந்து முன்னால் போகும்போது பின்சுழற்சியாக இருந்தது, திசை திரும்பியதும் முன்சுழற்சி ஆகிவிடும். பந்து சுழலும் பக்கம் மாறவில்லை, போகும் பக்கம்தான் மாறியிருக்கிறது. தரையைத் தொட்டதும் அந்தச் சுழற்சி, வண்டிச் சக்கரம்போலப் பந்தை உங்களை நோக்கி உருட்டிவிடும். திரையின் முன்னால் ஒரு மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த கம்பளமோ உயரமான புல் விரிப்போ போட்டால் பெரும்பாலும் அங்கேயே அடங்கும்.

திரையின் மேல்விளிம்பைச் சில டிகிரி ஆடுபவர் பக்கம் சாய்த்து மாட்டுவதும் உண்டு. மேல்நோக்கி ஏறிவரும் பந்து திரையில் நேராக மோதி, மேலே எழும்பாமல் கீழே திரும்ப அது உதவும். படம் கோணலாகும், ப்ரொஜெக்டரில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

உண்மையான ஆபத்து திரையில் இல்லை, ஃபிரேமின் குழாய்களில் இருக்கிறது. இரும்புக் குழாயில் பட்ட பந்து வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் திரும்பினால், மூன்று மீட்டரைக் கடக்கப் பத்தில் ஒரு வினாடிதான் ஆகும். கண் பார்த்து உடல் அசைய அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வேண்டும். குனிந்து தப்பிக்கலாம் என்பதெல்லாம் கதை. குழாய் உருண்டை என்பதால் பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்றும் சொல்ல முடியாது. எல்லாக் குழாய்க்கும் தடித்த நுரை உறை போட வேண்டும், முக்கியமாக அடிக்குழாய்க்கு. அடிக்குழாயைத் திரைக்கு முன்பக்கம் வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

எல்லாம் மாட்டி முடித்தபின் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. வெட்ஜ் எடுத்துப் பாதி வீச்சில் ஆரம்பியுங்கள். பக்கவாட்டில் நிற்பவர் ஒருவர், பந்து திரையில் பட்ட உயரத்தையும் திரும்பி வந்து முதலில் தரையைத் தொட்ட இடத்தையும் குறித்துக்கொள்ளட்டும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.45 வினாடி ஆகும். திரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் விழுந்திருந்தால் திரும்பிய வேகம் வினாடிக்கு 2 மீட்டர். இரண்டே கால் மீட்டரில் விழுந்திருந்தால் 5 மீட்டர். கயிற்றை ஒரு முடிச்சு தளர்த்திவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். அந்தக் குறி திரையை நோக்கி நகர்ந்திருக்கும். நகரவே இல்லையென்றால் கயிற்றை விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். துணி எதையோ தொட்டுக்கொண்டிருக்கும்.