வேலைச் சப்பாத்து: பெயரைப் பார்க்க முதல் அடியைப் பாருங்கள்

மூன்று நான்கு ஆண்டுகள் கடைத் தட்டில் கிடந்த வேலைச் சப்பாத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தால் தோல் பளபளக்கும், தையல் உறுதியாக இருக்கும், லேஸ் புதிதாக இருக்கும். போட்டுக்கொண்டு சில நாட்கள் வேலை செய்ததும் அடி பிட்டுப் போல உதிரத் தொடங்கும். உடனே “டூப்ளிகேட் சாமான்” என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல நேரம் அது டூப்ளிகேட்டாக இருக்காது. பேர்போன கம்பனியின் அசல் சப்பாத்துக்கும் இதே கதி வரும். மட்டக்களப்பு, அம்பாறை வெக்கையில் இன்னும் சீக்கிரம் வரும்.

இன்றைய வேலைச் சப்பாத்துகளில் பெரும்பாலானவற்றின் நடு அடி, அதாவது நிலத்தில் படும் அடிக்கு மேலே உள்ள அடுக்கு, பொலியுரேத்தேன் நுரை. பாரம் குறைவு, குதியில் விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், அச்சுக்குள் ஊற்றி மேற்தோலோடு நேரே பிடிக்கவைக்கலாம். இந்த நுரையில் இரண்டு குடும்பங்கள் உண்டு: பொலியெஸ்டர் வகை, பொலியீதர் வகை. பொலியெஸ்டர் வகை எண்ணெய்க்கும் உராய்வுக்கும் நன்றாக நிற்கும். ஆனால் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் உள்ள எஸ்டர் பிணைப்புகளை நீர் வெட்டிவிடும். இதுதான் நீர்ப்பகுப்பு. வெட்டுப்பட்ட இடத்தில் ஓர் அமிலமும் ஓர் அற்ககோலும் உருவாகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுவதையும் விரைவாக்கும். அதனால்தான் நெடுநாள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுக் கடைசியில் ஒரே மூச்சில் உடைகிறது. இதற்கு மழையில் நனையவே தேவையில்லை. காற்றிலுள்ள நீராவி நுரைக்குள் ஊறினாலே போதும், சூடு கூடக் கூட வேகமும் கூடும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் துண்டில், தகரக் கூரையின் கீழ் இருக்கும் ஒரு களஞ்சியம் இந்த வேலைக்கு எல்லா வசதியும் செய்து கொடுக்கிறது.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையல்ல, செய்த திகதி. சர்வதேசத் தரத்தின்படி செய்த சப்பாத்தில் உற்பத்தி ஆண்டும் மாதமும் (அல்லது காலாண்டும்) இருந்தாக வேண்டும். நாக்கின் உட்புறத்தில் அச்சடித்திருக்கும், அல்லது அடியின் நடுவே மணிக்கூடு மாதிரி ஒரு வட்டமும் அம்புக்குறியுமாக வார்த்திருக்கும். பொலியுரேத்தேன் அடியை ஏறத்தாழ 3 ஆண்டுகளுக்குள் பாவிக்கும்படி பல தயாரிப்பாளர்களே குறிப்புத் தாளில் சொல்கிறார்கள். அந்த வயதை நெருங்கிய சோடியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். திகதி இல்லாவிட்டால் நடு அடியின் பக்கவாட்டில் பெருவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல நுரை அமுங்கி மீளும். கெட்ட நுரையில் தடம் நிற்கும், அல்லது தூள் ஒட்டும். பிறகு முன்பாதத்தை மடித்துப் பாருங்கள். மடிப்பில் மயிர்க்கோடு போல வெடிப்புகள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

“அடி றப்பர்தானே” என்று கடையில் சொன்னால் அது பாதிப் பதில். நிலத்தில் படும் வெளி அடி நைட்ரைல் றப்பராக இருந்தாலும் அதற்கு மேலே உள்ள நடு அடி பொலியுரேத்தேனாக இருக்கலாம், உடைவதும் அதுதான். நடு அடியும் றப்பர் அல்லது ஈவிஏ நுரை என்றால் நீர்ப்பகுப்புக்கு அஞ்சத் தேவையில்லை. ஈவிஏ வேறு விதமாகக் களைக்கும்: நாள் போகப் போக அமுங்கித் தட்டையாகி மெத்தென்ற தன்மை போய்விடும், ஆனால் நடுவழியில் கழன்று விழாது. வெல்டிங் பட்டறை, செங்கல் சூளை, நெல் ஆலை அடுப்படி போன்ற இடங்களுக்கு நைட்ரைல் வெளி அடிதான் வேண்டும். எச்ஆர்ஓ என்ற குறி இருந்தால், 300 பாகை செல்சியஸ் சூட்டில் 60 செக்கன் வைத்து அந்த அடியைச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள்.

இனி நாக்கிலுள்ள லேபலுக்கு வருவோம். அங்கே ஐஎஸ்ஓ 20345 என்ற எண்ணைத் தேடுங்கள். அது இருந்தால் கால்விரல் கவசம் 200 யூல் அடியையும் 15 கிலோநியூற்றன் நசிப்பையும் தாங்க வேண்டும். 20 கிலோ எடையுள்ள இரும்பு ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் வருவது 200 யூல். 50 கிலோ சீமெந்து மூட்டை 40 சென்ரிமீற்றரிலிருந்து விழுந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மூட்டை பரந்து விழும், சோதனை இரும்போ ஆப்புப் போன்ற விளிம்பால் இடிக்கும், ஆகவே சோதனைதான் கடுமை. அடித்த பிறகும் உள்ளே விரலுக்கு இடம் மிஞ்ச வேண்டும்: 42ஆம் அளவுக்குக் குறைந்தது 14 மில்லிமீற்றர். எண் 20346 என்றால் கவசம் 100 யூலுக்குத்தான். 20347 என்றால் கவசம் தேவை என்ற கட்டாயமே இல்லை. மூன்றும் ஒரே நிறத்தில், ஒரே உருவத்தில் ஒரே தட்டில் இருக்கக்கூடும்.

எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகள் இன்னும் முக்கியம். எஸ்1 என்றால் மூடிய குதி, நிலைமின் கடத்தும் தன்மை, குதியில் அதிர்ச்சி தாங்கும் தன்மை. மேற்தோல் தண்ணீரைத் தடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எஸ்2 தண்ணீரை ஓரளவு தடுக்கும். எஸ்3 அதோடு ஆணித் தடுப்பும் பிடிப்புப் பற்களும் சேர்ந்தது. எஸ்4, எஸ்5 முழுதும் றப்பரில் அல்லது பிளாஸ்ரிக்கில் வார்த்த கம் பூட்ஸ், அவற்றில் எஸ்5 ஆணி தடுக்கும். கட்டட வேலைக்கு எஸ்3க்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஆணித் தடுப்பிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய சோதனை 4.5 மில்லிமீற்றர் தடித்த ஆணியை 1100 நியூற்றன் விசையால் அழுத்துவது. இரும்புத் தகடு இதில் சுலபமாகத் தேறும், ஆனால் அடியின் ஓரம் வரை போகாது. பல அடுக்கு நெய்த துணித் தகடு ஓரம் வரை மூடும், பாரமும் குறைவு, ஆனால் மெல்லிய ஆணி இழைகளுக்கு நடுவே புகுந்துவிடலாம். அதனால்தான் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் துணித் தகட்டை இரண்டாகப் பிரித்தார்கள்: 4.5 மில்லிமீற்றர் ஆணிக்கு எஸ்3எல், 3 மில்லிமீற்றர் ஆணிக்கு எஸ்3எஸ். கொங்கிறீட் போடத் தட்டடித்த பலகையைக் கழற்றிய இடத்தில் கிடக்கும் ஆணிகள் பெரும்பாலும் மெல்லியவை. அங்கே இரும்புத் தகட்டு எஸ்3 அல்லது எஸ்3எஸ் எடுப்பதுதான் சரி. சின்னக் காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். முனையில் ஒட்டினால் இரும்புக் கவசம். உட்தகட்டை (உள்ளே பாதம் படும், கழற்றக்கூடிய மெத்தையை) எடுத்துவிட்டுக் காந்தத்தை அடியில் வைத்தால் இழுக்கிறதா என்று பாருங்கள், இழுத்தால் இரும்புத் தகடு. இழுக்காவிட்டால் குறைபாடு என்று எடுக்க வேண்டாம், லேபலோடு பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மின்வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: எஸ்1, எஸ்3 எல்லாம் உடம்பிலுள்ள நிலைமின்னை மெதுவாக நிலத்துக்கு இறக்கும் சப்பாத்துகள். மின்தடை 100 கிலோ ஓமுக்கும் 1000 மெகா ஓமுக்கும் இடையில். ஆகவே 230 வோல்ற்று அதிர்ச்சியிலிருந்து காக்க இவை செய்யப்பட்டவை அல்ல. அமெரிக்கத் தரமான ஏஎஸ்ரிஎம் எஃப்2413இல் ஈஎச் குறி உள்ளவை 18,000 வோல்ற்றில் ஒரு நிமிடம் சோதிக்கப்படுகின்றன, அதுவும் உலர்ந்த நிலையில். வயல் வாய்க்காலில் தண்ணீர்ப் பம்பியைக் கழற்றும்போது நனைந்த அடியை நம்பக் கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்துவதுதான் பாதுகாப்பு.

இவ்வளவும் பார்த்த பிறகு பெயருக்கு வரலாம். கற்றர்பில்லர் பெயரில் வரும் சப்பாத்தை புல்டோசர் செய்யும் கம்பனி செய்வதில்லை. அனுமதி பெற்று வுல்வரின் வேர்ல்ட் வைட் என்ற அமெரிக்கச் சப்பாத்துக் கம்பனி செய்கிறது, அதிலும் கவசம் உள்ளதும் இல்லாததும் உண்டு. ரிம்பர்லாண்டின் பிரபலமான மஞ்சள் பூட்ஸில் விரல் கவசம் கிடையாது, வேலைக்கானவை புரோ என்ற தனி வரிசையில் வருகின்றன. 1905இல் தொடங்கிய றெட் விங்கின் சில மொடல்களில் முனையில் இருப்பது இரட்டைத் தோல் மட்டுமே. பெல்ஜியத்தின் சேஃப்ரி ஜோக்கரும் பாட்டாவின் தொழிற்சப்பாத்துப் பிரிவும் எஸ்1 முதல் எஸ்3 வரை எல்லாம் விற்கின்றன. ஆகவே ஒரு பிராண்டின் எஸ்1ஐ இன்னொன்றின் எஸ்3ஓடு ஒப்பிட்டு “இது மலிவு” என்று சொன்னால் அந்தக் கணக்குப் பிழை. வகுப்பு, நடு அடி, வயது மூன்றும் சமமான பிறகுதான் விலையை ஒப்பிடலாம். அப்போது பேர் தெரியாத கம்பனி வெல்வதும் உண்டு.

விலை கூடியவற்றில் தண்ணீர் விடாத மென்படலம் என்று ஒன்றைச் சொல்லி விற்பார்கள். உள்ளே நீராவி அழுத்தம் கூடவும் வெளியே குறையவும் இருந்தால்தான் வியர்வை அந்தப் படலத்தினூடாக வெளியேறும். மாரி காலத்தில் நமது காற்றிலேயே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை போவது நன்றாகக் குறைந்துவிடும். மேல் வாயால் தண்ணீர் புகுந்துவிட்டால் அதுவும் உள்ளேயே நிற்கும். அந்தக் காசை இரண்டாவது சோடிக்குக் கொடுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடலாம்.

கொங்கிறீட் போடும் நாளில் தோல் சப்பாத்தே வேண்டாம். ஈரச் சீமெந்தின் காரத்தன்மை பிஎச் 12க்கு மேல். அது தோலையும் தின்னும், உள்ளே புகுந்தால் காலையும் புண்ணாக்கும், ஆரம்பத்தில் வலிக்காது என்பதால் மாலையில்தான் தெரியவரும். எஸ்5 கம் பூட்ஸ் போட்டுக் காற்சட்டையை அதற்கு வெளியே விடுங்கள். வயலில் மருந்தடிக்கும்போதும் அப்படியே. வெள்ளாமை வட்டையில் வரம்பு, வாய்க்கால் வேலைக்குக் கம் பூட்ஸ் எலிக்காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் எதிராக நல்ல காவல். ஆனால் உழுது கலக்கிய சேற்றில் காலைத் தூக்கும்போது அடியில் வெற்றிடம் உண்டாகிப் பூட்ஸைப் பிடித்து இழுக்கும். கணுக்காலில் இறுக்கமாக நிற்காத பூட்ஸ் சேற்றிலேயே தங்கிவிடும்.

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் போன்ற இடங்களில் நிலத்தில் மீன் வழும்பும் பனிக்கட்டித் தண்ணீரும் கலந்திருக்கும். அங்கே ஆழமான சேற்றுப் பற்களால் பயனில்லை. தண்ணீரை வெட்டி ஒதுக்கும் நெருக்கமான மெல்லிய வெட்டுகள் உள்ள மென்மையான அடிதான் பிடிக்கும். வழுக்காத அடிக்குப் பழைய லேபலில் எஸ்ஆர்சி, புதியதில் எஸ்ஆர் என்ற குறியைப் பாருங்கள். உப்புத்தண்ணீர் பட்ட தோல் சப்பாத்தை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். உப்பு தோலின் நார்களுக்குள் பளிங்காகி அதை விறைக்கவைக்கும், லேஸ் கோர்க்கும் கண்ணிகளையும் துருப்பிடிக்க வைக்கும். கடதாசியை உள்ளே திணித்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் சுடும் தகரத்தில் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும், ஒட்டிய அடியின் பசையும் விட்டுப்போகும்.

அளவு பார்க்கப் பின்னேரம் போங்கள், அப்போது பாதம் வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் தடித்த காலுறையோடு போடுங்கள். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு சென்ரிமீற்றர் அளவு இடம் இருக்க வேண்டும். தோல் நாளாக நெகிழும், கவசம் ஒருநாளும் நெகிழாது, ஆகவே “போடப் போடச் சரிவரும்” என்ற பேச்சு முனைக்குப் பொருந்தாது. செருப்போடே வளர்ந்த கால்கள் முன்பக்கம் அகன்றவை. உட்தகட்டை வெளியே எடுத்து நிலத்தில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி வெளியே வழிந்தால் நீளத்தைக் கூட்டாதீர்கள், அகல எண் 11 அல்லது 12 உள்ள மொடல் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு இரண்டு காலிலும் போட்டு, குந்தியிருந்து எழும்பிப் பாருங்கள். குந்தும்போது கவசத்தின் பின்விளிம்பு விரல் மூட்டில் வெட்டினால் அந்த மொடல் உங்கள் காலுக்கு உரியதல்ல.