அப்பத்தா வழி வரும் மார்பகப் புற்று

தொண்டியிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி: “அப்பத்தாவுக்கும் அத்தைக்கும் மார்பகப் புற்றுநோய். எனக்கு எடுத்த மரபணுச் சோதனையில் ‘பொருள் தெளியாத மாற்றம்’ என்று வந்திருக்கிறது. அப்பா வழி நோய் எனக்கு வருமா?”

வரலாம். 17ஆம் குரோமோசோமில் பிஆர்சிஏ1, 13இல் பிஆர்சிஏ2. அறுந்த டிஎன்ஏவைச் செப்பனிடும் மரபணுக்கள் இவை; பழுதானால் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு கூடும். பழுதானதை அப்பா சுமந்தால் அந்த மரபணு மகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் மார்பகப் புற்றுகளில் பரம்பரையாக வருபவை 5 முதல் 10 சதவீதம்தான்.

பழுது எப்படி நேர்கிறது? செல் டிஎன்ஏவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ‘கடல் மணல் படகு கயிறு’ என்பதில் ‘ணல்’ விழுந்துவிட்டால் ‘கடல் மபட குகயி று’. அதன்பின் ஒரு சொல்லும் தேறாது. பிஆர்சிஏ1இன் தொடக்கத்தில் ‘ஏஜிஏஜி’ என்று ஒரே சோடி இருமுறை வருகிறது. படியெடுக்கும்போது இழை அங்கே வழுக்கினால் ஒரு ‘ஏஜி’ விடுபடும். 1,863 அமினோ அமிலம் நீள வேண்டிய புரதத்துக்கு 39ஆவது இடத்திலேயே நிறுத்தக் குறி வந்துவிடும். அஷ்கனாசி யூதர்களிடம் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்கள்) பெயர்பெற்ற இதே மாற்றம் தென்னிந்தியக் குடும்பங்களிலும் உண்டு. ஓர் இந்தியக் குடும்பத்தில் அக்கம்பக்க டிஎன்ஏ அடையாளங்களை ஒப்பிட்டபோது, அது அங்கே தனியாகத் தோன்றியது என்று தெரிந்தது. வழுக்குமிடம் எல்லா மனிதருக்கும் ஒன்றுதானே!

இப்படித் தெளிவாகச் சிதைக்கும் மாற்றத்தைச் சொல்வது எளிது. ஒரே எழுத்து மாறியிருந்தால்தான் சிக்கல்; அது தீங்கா இல்லையா என்று சொல்ல முடியாதபோதுதான் ‘பொருள் தெளியாத மாற்றம்’ என்பார்கள். நலமாக இருப்பவர்களிடம் அது எத்தனை பேருக்கு உண்டு என்பது ஒரு முக்கியச் சான்று. உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. சேதுக்கரையில் சாதாரணமாக இருக்கும் தீங்கற்ற மாற்றம்கூட அந்தத் தரவுகளில் அபூர்வமாகத் தெரியும்; அதனால் சந்தேகத்துக்கு உள்ளாகும். 2025 ஜனவரியில் ஜீனோம் இந்தியா திட்டம் சுமார் 10,000 இந்தியரின் தரவை வெளியிட்டது. நல்ல தொடக்கம், ஆனால் போதாது. தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணமுடிக்கும் சிறு கடலோரச் சமூகங்களில் ஒரு மூதாதையின் மாற்றம் பலரிடம் பரவியிருக்கும். அவர்களைத் தனியாகச் சேர்க்க அரசு பணம் ஒதுக்கவேண்டும்.

தெளியாத மாற்றத்தை நம்பி மார்பகத்தை அகற்றக் கூடாது. ‘ஒன்றுமில்லை’ என்றும் விட்டுவிடக் கூடாது. குடும்ப வரலாற்றை வைத்தே மருத்துவர் கண்காணிப்பை முடிவுசெய்வார். குடும்பச் சாபம் என்று பேசிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் பெருங்கேடு. அத்தை உயிரோடு இருந்தால் அவருக்குச் சோதனை எடுங்கள்; நோய் வந்தவரிடம்தான் விடை தெளிவாகக் கிடைக்கும். அறிக்கையில் ‘சி.’ என்று தொடங்கும், உங்கள் மாற்றத்தைக் குறிக்கும் குறியீட்டைப் பத்திரமாக வைத்து, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ‘தீங்கானது, தீங்கற்றது என்று வகை மாறியிருக்கிறதா?’ என்று ஆய்வகத்திடம் கேளுங்கள்.