ஆர்டிஃபேக்ட்னா கலைப்பொருள் இல்லைங்க, பொய்க்குறி

டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தை ஒலியலையால அளக்குற ஸ்கேன்) பத்தின ஒரு மொழிபெயர்ப்புல "படத்தில் கலைப்பொருட்கள் காணப்படுகின்றன"ன்னு போட்டிருந்தாங்க, மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

ஆர்டிஃபேக்ட்ங்கிற சொல்லுக்கு மூலம் லத்தீன். ஆர்ஸ்னா கைத்திறம், ஃபாக்டும்னா செஞ்சது. தோண்டி எடுத்த பானை ஓட்டுக்கு அந்த அர்த்தம் அப்படியே பொருந்தும். மருத்துவத்துல அது வேற: உடம்புல இல்லாதது, நாம பாக்குற முறையால உண்டாகித் தெரியுறது.

டாப்ளர்ல அடிக்கடி வர்றது அலியாசிங். ஓடுற ரத்தத்துல பட்டுத் திரும்புற ஒலியோட அதிர்வெண் மாறும், வேகம் கூடினா அந்த மாற்றமும் கூடும். மெஷின் விட்டு விட்டுத்தான் ஒலித்துடிப்பு அனுப்புது, நொடிக்கு 4000 அனுப்பினா 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் வர்ற அதிர்வெண் மாற்றத்தைத்தான் சரியா அளக்க முடியும், இந்தப் பாதிக்கணக்குக்கு நைக்விஸ்ட் எல்லைன்னு பேரு. குழாய் சுருங்கின எடத்துல ரத்தம் பீச்சி அடிக்கும்போது அந்த எல்லை தாண்டிடும், உடனே திசையே மாறின மாதிரி காட்டும். கலர் படத்துல வழக்கமா ப்ரோப் (உடம்பு மேல வெச்சுப் பாக்குற கருவி) பக்கம் வர்ற ரத்தம் சிவப்பு, விலகிப் போறது நீலம். அலியாசிங்ல சிவப்பு வெளுத்து மஞ்சளாகி அங்கேருந்து நேரா வெளிர்நீலத்துக்குத் தாவிடும். நெஜமாவே ரத்தம் திரும்பி ஓடுச்சுன்னா நடுவுல ஒரு கறுப்புக்கோடு இருக்கும், ஏன்னா திசை மாறணும்னா வேகம் சைபரைத் தொட்டுத்தான் போகணும். அந்தக் கறுப்பைத் தேடிப் பாக்காம முடிவுக்கு வரக்கூடாது. ஸ்கேலை, அதாவது மெஷின் அளக்குற வேக எல்லையை, ஏத்தினா பெரும்பாலும் சரியாயிடும்.

தமிழ்ல என்ன சொல்லலாம்? போலித்தோற்றம்னு சிலர் எழுதுறாங்க, தப்பில்ல, ஆனா டாப்ளரைக் கண்ணால மட்டும் பாக்குறதில்ல, கிராஃபா அளக்குறோம், காதாலயும் கேக்குறோம், தோற்றம்னா அதெல்லாம் அடங்காது. எனக்கு பொய்க்குறிதான் சரின்னு படுது. டாக்டர் தேடுறது நோய்க்குறி, மெஷின் நடுவுல காட்டுறது பொய்க்குறி, ரெண்டையும் பக்கத்துல வெச்சாலே அர்த்தம் புரிஞ்சிடும்.

கிட்னி கல்லுக்குப் பின்னாடி ரத்தமே ஓடாத எடத்துல பல கலரும் கலந்து மினுமினுக்கும், ட்விங்க்ளிங்னு சொல்வாங்க. பொய்யான ஓட்டந்தான், ஆனா கல்லு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க அதுவே கைகொடுக்கும். பொய்க்குறின்னா உபயோகமில்லாததுன்னு அர்த்தமாயிடுமேன்னு ஒருத்தர் கேட்டார். ஓட்டத்தைப் பொறுத்தவரை அது பொய், அந்த அளவுக்குத்தான் சொல்லு பேசுது. அதை மினுக்குப் பொய்க்குறின்னு நான் எழுதுறேன்.