டீக்கு நிறுத்தினால் கிளம்பாத வேன்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டு டீசல் வேன் காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு டீ குடிக்க நிறுத்தினால் அவ்வளவுதான். செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் விட்டுவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. பேட்டரியும் மாற்றிவிட்டோம். இது என்ன நோய்?"

இந்த நோய் எனக்கு நன்றாகத் தெரியும். சிவகங்கைப் பக்கம் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு, ஒரு சித்திரை வெயிலில் மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேனில் பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் மூன்று பேர். பூவந்தியில் டீ, பத்து நிமிடம். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சுற்றுகிறதே ஒழிய இன்ஜினுக்கு உயிர் வரவில்லை. அத்தை இறங்கினார். கோவிலில் உடைத்ததுபோக மீதியிருந்த ஒரு தேங்காயை முன் டயருக்கு அருகில் உடைத்து, சூடம் காட்டி, மேலமடை பாண்டி கோவிலில் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டார். இதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பினேன், கிளம்பிவிட்டது. அத்தை என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

அத்தை கண்டதில் பிழை எதுவும் இல்லை. சூடம் காட்டினார், வண்டி கிளம்பியது. எட்டுப் பேர் சாட்சி. அந்த அரை மணி நேரத்தில் வேறு என்ன நடந்தது என்றுதான் யாரும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வரிச்சியூரில் அதே கதை நடந்தது. இந்த முறை கையில் தேங்காயும் இல்லை, வண்டியில் அத்தையும் இல்லை. புளியமரத்தடியில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதும் கிளம்பியது. ஆகவே, ஆறினால் சரியாகும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. அது எது?

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருப்போம். காற்றை 16 மடங்குக்கு மேல் நெருக்கினால் அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். 1897இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய இயந்திரம் முதல் இன்றைய வேன் வரை இதில் மாற்றமில்லை. அப்படியென்றால் சூடான இன்ஜின் இன்னும் சுலபமாக அல்லவா கிளம்ப வேண்டும்? குளிர்ந்த இன்ஜினுக்கு உதவுவதற்காக உள்ள ஹீட்டர் பிளக்கை மாற்றச் சொல்லி என்னிடம் காசு வாங்கிய முதல் பட்டறை, இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

பழைய இன்ஜினுக்கும் இப்போதைய இன்ஜினுக்கும் உள்ள வேறுபாடு, டீசலைப் பீய்ச்சும் விதத்தில் இருக்கிறது. 1997 முதல் கார்களில் வரத் தொடங்கிய காமன் ரெயில் முறையில், ஒரு பம்ப் 'ரெயில்' எனப்படும் தடித்த எஃகுக் குழாய் ஒன்றில் டீசலை அழுத்தி நிரப்பிக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் அழுத்தம் 1600 பார் வரை போகும். ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர் மீது ஒரு கிலோ எடை. அப்படியானால் 1600 பார் என்பது சுண்டுவிரல் நகத்தின் மேல் ஒரு காரைத் தூக்கி வைத்ததுபோல. இந்தக் குழாயிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர். அதன் நுனித் துளைகளை உள்ளிருந்து ஓர் ஊசி அடைத்துக்கொண்டிருக்கும். ஊசி எழுந்தால் டீசல் பாயும், அமர்ந்தால் நிற்கும்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

ஊசியின் தலைமேல் சுமார் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டன் இருக்கிறது. அந்த வட்டத்தின் மேல் 1600 பார் அழுத்தினால் கணக்கு ஏறத்தாழ 200 கிலோ. அதாவது இரண்டு அரிசி மூட்டைக்கும் மேலான பாரம் ஊசியைக் கீழே அமுக்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்க வேண்டியது நெல்லிக்காய் அளவிலான ஒரு மின்காந்தச் சுருள். அதுவும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது நொடிக்குக் குறைந்தது 16 முறை. அந்தச் சுருளால் 200 கிலோவைத் தூக்கவே முடியாது. அது தூக்குவதும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்தி எடுத்த தொட்டிக் கணக்கு நினைவிருக்கிறதா? ஒரு குழாய் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும், இன்னொரு குழாய் காலி செய்துகொண்டிருக்கும். எந்த முட்டாள் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவைப்பான் என்று அப்போது நினைத்தேன். திறந்துவைத்தவர்கள் இன்ஜெக்டரை வடிவமைத்த பொறியாளர்கள். பிஸ்டனின் தலைக்கு மேல் ஒரு குட்டி அறை இருக்கிறது. அதற்குள் டீசல் வர மயிரிழை போன்ற ஒரு துளை. வெளியேற அதைவிடச் சற்றே பெரிய இன்னொரு துளை. வெளியேறும் துளையை ஒரு சிறு பந்து மூடியிருக்கும். துளை அவ்வளவு சிறியது என்பதால், அத்தனை அழுத்தத்திலும் அந்தப் பந்தின் மேல் விழும் விசை சுருள் சமாளிக்கக்கூடிய அளவுதான்.

பந்து மூடியிருக்கும்வரை அறை நிரம்பியிருக்கும். மேலும் கீழும் அதே அழுத்தம், ஆனால் மேலே பரப்பு அதிகம். அதனால் ஊசி அசையாது. சுருள் பந்தைத் துளி விடுவித்தால், வருவதைவிடப் போவது அதிகமாகி அறையில் அழுத்தம் சரிகிறது. இப்போது ஊசியின் கீழ்ப்புறத்தை நெருக்கிக்கொண்டிருக்கும் டீசலே அதை மேலே தள்ளிவிடுகிறது. பந்து திரும்ப அமர்ந்தால் அறை நிரம்பி, ஊசியும் அமர்ந்துவிடும். அறையிலிருந்து வெளியேறிய கொஞ்சம் டீசல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. யானையை யானையாலேயே தூக்கவைத்துவிட்டு, பாகன் அங்குசத்தை மட்டும் அசைக்கிறான்.

நோய் தொடங்குவதும் இதே அறையில்தான். டீசலோடு வரும் தண்ணீரும் தூசியும் பந்து அமரும் இடத்தை அரிக்கின்றன. பிஸ்டனைச் சுற்றியுள்ள இடுக்கைத் தேய்க்கின்றன. அந்த இடுக்கு புதிதில் இரண்டு மூன்று மைக்ரான்தான் இருக்கும். தலைமுடி அதைப்போல் இருபது மடங்கு தடிமன். மெல்லிய இடுக்கு வழியாகக் கசியும் திரவத்துக்கு ஒரு கொடூரமான விதி உண்டு: இடுக்கு இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். அதோடு டீசலின் பிசுபிசுப்பும் சூட்டில் குறையும். 40 டிகிரியில் இருந்ததில் 90 டிகிரியில் பாதிகூட மிஞ்சாது. பிசுபிசுப்பு பாதியானால் கசிவு இரட்டிப்பு.

இப்போது எஃகுக் குழாயையே பெரிய தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது பம்ப் வேகமாகச் சுற்றுகிறது. எவ்வளவு கசிந்தாலும் அதற்கு மேல் நிரப்பிவிடும். ஓட்டத்தில் குறையே தெரியாது. சாவியைத் திருப்பும்போது இன்ஜின் சுற்றுவது நிமிடத்துக்கு 200 சுற்று அளவில்தான். அப்போது பம்ப் தருவது மிகக் கொஞ்சம். குழாயில் ஒரு குறைந்தபட்ச அழுத்தம், வண்டிக்கு வண்டி மாறினாலும் பொதுவாக 150 முதல் 250 பார், ஏறும்வரை வண்டியின் கணினி இன்ஜெக்டர்களுக்கு மின்சாரமே அனுப்பாது. காலையில் டீசல் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் ஏறிவிடுகிறது. சூட்டில் வருவது அத்தனையும் ஒழுகிவிடுகிறது.

டீக்கு நிறுத்தும் பத்து நிமிடம் ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கும் காரணம் உண்டு. இன்ஜினை நிறுத்தியதும் விசிறியும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். இரும்பில் சேர்ந்த சூடு போக வழியில்லாமல் பானெட்டுக்குள் பரவும். ஓடியபோது இருந்ததைவிட அங்கே சூடு கூடும். பழைய ரோட்டரி பம்ப் வண்டிகளில், தேய்ந்த பம்பின் தலையில் தண்ணீர் ஊற்றிக் கிளப்பும் ஓட்டுநர்கள் இருந்தார்கள். பிசுபிசுப்பு என்ற சொல் தெரியாமலேயே அந்த இயற்பியல் அவர்களுக்குக் கைவந்திருந்தது.

திருமங்கலத்து வாசகர் முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். கிளம்பாதபோது செல்ஃப் சுற்றுகையில், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்டும் சுற்றுமானியின் முள் அசைகிறதா? அசையவே இல்லையென்றால், இன்ஜின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். அதுவும் சூட்டில் மயங்கிவிழும் ஆசாமிதான். முள் அசைந்தால், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, அந்த நேரத்தில் ரெயில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். என் வண்டியில் அது 110 பாரைத் தாண்டவில்லை.

பிறகு நான் கண்டுபிடித்த மெக்கானிக் செய்த சோதனையை இன்னமும் ரசித்துக்கொண்டிருக்கிறேன். மருந்துக்கடையிலிருந்து குளுக்கோஸ் ஏற்றும் நான்கு குழாய்களை வாங்கிவந்தார். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் வாயிலும் ஒவ்வொன்றைச் செருகி, மறுமுனைகளை நான்கு காலித் தண்ணீர் பாட்டில்களில் விட்டார். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டோம். மூன்று நிமிடத்தில் மூன்று பாட்டில்களில் இரண்டு விரற்கடை டீசல் நின்றது. மூன்றாம் இன்ஜெக்டரின் பாட்டில் கழுத்துவரை வந்துவிட்டது. நோயாளி யார் என்று சொல்ல இதற்குமேல் எந்தக் கருவியும் வேண்டியதில்லை. ஆனால் இது ரிட்டர்ன் குழாயில் மட்டும் செய்ய வேண்டியது. உயர் அழுத்தக் குழாய்களை ஓடும் இன்ஜினில் தொடவே கூடாது. அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அறுவைச் சிகிச்சை வரை கொண்டுவிடும்.

அந்த மெக்கானிக் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர். இன்ஜெக்டரின் உள்ளமைப்பை அங்கே கரும்பலகையில்தான் பார்த்ததாகச் சொன்னார். குறுக்கே அறுத்த ஒரு பழைய இன்ஜெக்டருக்கு என்ன செலவு ஆகிவிடும்? ஒவ்வொரு மேசைக்கும் ஒன்று வைக்கலாம். புதுக் கட்டடத்துக்கும் திறப்பு விழாக் கல்வெட்டுக்கும் கிடைக்கும் பணம் இதற்குக் கிடைக்காதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

மூன்றாம் இன்ஜெக்டரை மாற்றினோம். காப்பர் வாஷரும் புதிது, இன்ஜெக்டர் மேலிருந்த குறியீட்டு எண்ணையும் கணினியில் பதிந்தோம். டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்தபோது அரை டம்ளர் தண்ணீர் வந்தது. அதை மாதம் ஒருமுறை வடித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அடுத்த முறை பூவந்தியில் டீக்கு நிறுத்தி, பத்தாவது நிமிடம் சாவியைத் திருப்பினேன். பாதிச் சுற்றில் கிளம்பியது. அதே வாரம்தான் பாண்டி கோவிலில் பொங்கலும் வைத்து முடித்திருந்தார் அத்தை. இரண்டையும் ஒரே வாரத்தில் நடக்கவிட்டது சோதனை வடிவமைப்பில் என் பிழை. அத்தையிடம் இனி வாதாட முடியாது. திருமங்கலத்து வாசகருக்கு ஒன்று: நேர்த்திக்கடன் ஏதும் இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பட்டறைக்குப் போங்கள். பாட்டில்கள் நான்கும் ஒரே அளவில் இருக்கட்டும்.