பத்தாவது எழுத 125 ரூபாய், இழக்கும் கூலிக்கு யார் பொறுப்பு?

வேலைக்குப் போய்க்கொண்டே பத்தாவது எழுத நினைப்பவர்களுக்குத் தேர்வுக் கட்டணம் ஒரு தடையே இல்லை. தேர்வுத்துறை அறிவிப்புகளில் தனித்தேர்வருக்கு, அதாவது பள்ளியில் சேராமல் எழுதுபவருக்கு, வழக்கமாக வரும் கணக்கு: கட்டணம் 125 ரூபாய், ஆன்லைன் பதிவுக்கு 70. கெடு தப்பினால் தக்கல் என்று மேலும் 500, அதாவது கட்டணத்தைப் போல நான்கு மடங்கு. நாளிதழ் பார்க்க நேரமில்லாத கூலித் தொழிலாளி இதில் எளிதாகச் சிக்கிக்கொள்வார்.

பலரும் சறுக்குவது அறிவியலில். எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறை 25. முதன்முறை எழுதுபவர் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும். அந்த அறிவிப்பு தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே வந்து போய்விடும். விண்ணப்பிக்கத் தேர்வுத்துறையின் சேவை மையத்துக்குப் போகும்போதுதான் பதிவுச் சீட்டைக் கேட்பார்கள். இல்லையென்றால் அந்த ஆண்டு போனதுதான்.

பதிந்தாலும், பயிற்சி வகுப்பில் 80 சதவீத வருகை இருந்தால்தான் செய்முறைத் தேர்வு எழுத விடுவார்கள். வகுப்பு வேலைநாளில் பள்ளி நேரத்தில் நடந்தால் அன்றைய கூலி போச்சு. நாளுக்கு 700 ரூபாய் என்று வையுங்கள், பத்து நாளில் 7,000. இதற்கு முன்னால் 125 ரூபாயைத் தள்ளுபடி செய்தாலும் அது பெயருக்குச் செய்யும் உதவிதான்.

இதைத் தவிர்க்கச் சிலர் பத்தாவதும் பிளஸ் டூவும் இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டு அரசாணை 107-இன்படி அந்தப் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. பணம் கட்டுவதற்கு முன் இதைச் சொல்ல ஆளில்லை.

கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அந்த வயதில் செங்கல் சுமந்தவருக்கு அரசு பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்பதே எங்கள் கருத்து. ஆகவே கூலி இழப்பைப் பொதுப்பணத்திலிருந்தும் முதலாளி பங்கிலிருந்தும் ஈடுகட்ட வேண்டும்.

அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததிலிருந்து கட்டடச் செலவில் குறைந்தது 1 சதவீதம் நலவரியாகப் பிடிக்கிறார்கள். அந்தப் பணத்தில் இயங்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், திறன் பயிற்சிக்கு வரும் உறுப்பினருக்கு நாள்படி தருகிறது. கல்வி உதவி என்று அங்கே இருப்பதோ பிள்ளைகளின் படிப்புக்குத்தான். சித்தாள் தானே பத்தாவது எழுதினால் அவர் பேரில் ஒரு பைசா இல்லை. செய்முறை வகுப்பு நாள்களுக்கும் அதே நாள்படியைக் கொடுக்கலாம். தலைமையாசிரியர் தரும் வருகைச் சான்று ஒன்று போதும்.

கட்டுமான வாரியத்தில் சேர முடியாத கடை, ஓட்டல் ஊழியருக்கு இந்த வழி எட்டாது. அவர்களுக்காவது பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றும்படி, பதிவு செய்யும்போதே மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். வகுப்பு தொடங்கிய பிறகு கேட்டால் அட்டவணை போட்டாயிற்று என்பார்கள்.